தீர்த்தன் ஆற்றுப் பயணம் குறித்து மகனுக்கு

ராயபுரம்,
சென்னை 600 013.

அன்பு மகனுக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். இமாசலத்துத் தீர்த்தன் ஆற்றில் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு டிரவுட் மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங் பயணத்துக்கு நீ ஏற்பாடு செய்வதையும், உன் நண்பரோடு என்னையும் அழைத்துப்போக விரும்புவதையும் எழுதியிருந்தாய். மூன்று வழிகாட்டிகள் உனக்கு அனுப்பிய விலை விவரங்களையும் பொறுமையாகப் படித்தேன். தொலைபேசியில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை மறந்துவிடுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் தேதியை மாற்று. ஜூலை கடைசி வாரத்தில் உனக்கு விடுப்புக் கிடைக்கிறது என்பதைத் தவிர, அந்த வாரத்தில் போவதற்கு வேறு காரணம் எதையும் நீ எழுதவில்லை. புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் இப்படி ஒரு தேதியைக் காட்டியிருக்கவே கூடாது. தீர்த்தன், கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் உயரங்களில் உருகும் பனியை வாங்கிக்கொண்டு, குஷைனி, பஞ்சார் வழியாக இறங்கி, லார்ஜி அருகே பியாஸ் ஆற்றோடு சேர்கிறது. மே, ஜூன் மாதங்களில் பனி உருகுவதால் நீர் பெருகும்; அந்தப் பெருக்கு அடங்குவதற்குள் ஜூலையில் பருவமழை பிடித்துக்கொள்ளும். 2023 ஜூலையில், தீர்த்தன் ஓடும் அதே குலு மாவட்டத்தில் வெள்ளம் சாலைகளையும் கட்டடங்களையும் வாரிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே. ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், மீன் பிடிப்பதற்கே அது உதவாத காலம். டிரவுட் கண்ணால் பார்த்து இரையெடுக்கும் மீன் என்பதால், காபி நிறத்தில் ஓடும் நீரில், தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த அந்தப் பொய் ஈயை நீ எவ்வளவு அழகாக வீசினாலும் அதன் கண்ணில் படாது.

நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி முடிய பிரவுன் டிரவுட் முட்டையிடும் காலம். அந்த மாதங்களில் டிரவுட் ஆறுகளில் தூண்டில் போட இமாசல அரசு அனுமதிப்பதில்லை. ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடப்பதைப் பார்த்து வளர்ந்த உனக்கு அதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆக எஞ்சுவது, பனி உருகி நீர் பெருகுவதற்கு முந்தைய மார்ச், ஏப்ரல் அல்லது மழை விலகி நீர் தெளிந்த செப்டம்பர் இறுதியும் அக்டோபரும். இவற்றுள் பின்னதே எனக்குச் சரியெனப் படுகிறது. ஆயுத பூஜையை ஒட்டி உனக்கும் சில நாள் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைக்கும். இங்கே வடகிழக்குப் பருவமழை வலுத்து நம் தெருவில் தண்ணீர் நிற்பதற்குள் நானும் வீடு திரும்பிவிடலாம். உன் மேலாளரிடம் கேட்பதற்கு முன்னால் வழிகாட்டியிடம் கேள். மேலாளர் மனம் மாறக்கூடும், ஆறு மாறாது.

தமிழ்நாட்டிலேயே டிரவுட் இருக்கும்போது அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று அப்பா கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற 1863இல் முயன்றவர் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர். (1639இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு இடம் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரருக்கும் இதே பெயர்தான், ஆனால் ஆள் வேறு.) அந்த முயற்சி பலிக்கவில்லை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் என்பவர் காலத்தில்தான் அங்கே டிரவுட் நிலைத்தது. குலுப் பள்ளத்தாக்குக்கு பிரவுன் டிரவுட் வந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில், 1909இல். ஆனால் நீலகிரியில் மீனிருக்கும் ஓடைகள் பலவும் வனத்துறைக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கின்றன. மேலும் நீ இருப்பது குருகிராமில். தீர்த்தனே இருக்கட்டும்.

தீர்த்தனை நான் ஒப்புக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஜூன் 8ஆம் தேதி, ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த 24 பொறியியல் மாணவர்கள் தலோட் அருகே பியாஸ் ஆற்றங்கரைப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் அவர்களை அடித்துச் சென்றது. அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் வானம் தெளிவாக இருந்தாலும் நீர் ஏறலாம் என்பதை நான் அதன் பிறகு எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை. தீர்த்தன் மீது பெரிய அணை எதுவும் இல்லை. ஆகவே உன் வழிகாட்டி, இங்கே மீன் சரியில்லை, பியாஸுக்குப் போகலாம் என்று அழைத்தால், லார்ஜிக்குக் கீழே எந்த இடத்திலும் நீ நீரில் இறங்கக் கூடாது. தீர்த்தனிலும் மேலே எங்கோ கொட்டிய மழை கீழே வந்து சேரும். நீரின் நிறம் திடீரென மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மீன் தூண்டிலில் இருந்தாலும் விட்டுவிட்டுக் கரையேறி, கரையிலிருந்தும் மேட்டுக்குப் போய்விடு.

இனி வழிகாட்டி. மூவருள் முதலாமவர் தங்குமிடம், உணவு, வண்டி எல்லாவற்றையும் சேர்த்து மிகக் குறைந்த தொகை கேட்பதோடு, நிச்சயம் மீன் கிடைக்கும் என்று உறுதியும் தருகிறார். உன் மாமா நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். நாளைக்கு மீன் படும் என்று ஒரு நாளும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மனிதரை விட்டுவிடு. இரண்டாமவர் விலையோடு நிறையப் படங்களும் அனுப்பியிருக்கிறார். அந்தப் படங்களை உற்றுப் பார்த்தாயா? ஒன்றில் மீன் காய்ந்த கல்லின் மேல் கிடக்கிறது, இன்னொன்றில் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். திரும்ப ஆற்றில் விடப்போகிற மீனைக் கையை நனைத்துக்கொண்டு, நீர்மட்டத்தை ஒட்டியே பிடிக்க வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு உரிந்து நோய் தொற்றும். விட்டுவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே சாகடிக்கிறவரிடம் நீ என்ன கற்றுக்கொள்வாய்?

மூன்றாமவர் எழுதியது சில வரிகள்தான், அதிலும் பாதி கேள்விகள். இதற்கு முன் தூண்டில் கோல் பிடித்ததுண்டா, நீந்தத் தெரியுமா, காலணி அளவு என்ன, அம்மாவுக்கு வயது என்ன, படியேற முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூவரிலும் இவர்தான் அதிகக் கூலி கேட்கிறார் என்று குறைப்பட்டிருந்தாய். பயணத்தில் வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடி, அறையைக்கூட எளிமையாகப் பார்த்துக்கொள். இவருடைய கூலியில் மட்டும் பேரம் பேசாதே. அந்த ஆற்றில் எந்தக் கல்லுக்குப் பின்னால் மீன் நிற்கும், எந்தக் கல்லில் கால் வழுக்கும் என்ற அறிவுக்குத்தான் நீ பணம் கொடுக்கிறாய். அவரிடம் நீ கேட்க வேண்டியவையும் சில உண்டு. மீன்வளத் துறை உரிமச் சீட்டை யார் வாங்குவது, உங்கள் இருவருக்கும் அவர் ஒருவரே உடனிருப்பாரா, கூட வேறு ஆட்களைச் சேர்ப்பாரா, மழையால் ஒரு நாள் கெட்டால் முன்பணம் என்னாகும், அடிபட்டால் பஞ்சார் அரசு மருத்துவமனைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கு. முக்கியமாக, இன்றைக்கு ஆறு சரியில்லை, இறங்க வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்றைய கூலியை முழுதாகக் கொடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. கூலி போய்விடுமோ என்ற கவலை இல்லாவிட்டால்தான் ஒருவர் வேண்டாம் என்று துணிந்து சொல்வார்.

உன் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். இரை கிடையாது, ஈயக் குண்டு கிடையாது, பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றதும் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவரே, வஞ்சிரத்துக்குப் படகின் பின்னால் வெள்ளை இறகு கட்டி இழுப்பதும் ஏறக்குறைய இதுதானே என்று ஒத்துக்கொண்டார். அவருக்கு விளங்காதது வீசும் முறை. நம் கைத்தூண்டிலில் ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இதிலோ முள்ளில் கட்டிய இறகும் நூலும் ஊதினால் பறந்துவிடும் எடை. ஆகவே மேற்பூச்சுக் கொடுத்த தடித்த லைனே கனமாக இருந்து, பின்னால் போய் முழுதாக நீண்டு, கோலை வளைத்து, அந்த வளைவின் விசையில் முன்னால் பாய்கிறது. லைனின் நுனியில் வரவர மெலியும் நரம்பு, அதன் முனையில் தங்கூசியிலும் மெல்லிய இழை, அதில் ஈ. பின்னால் லைன் நீள்வதற்குள் அவசரப்பட்டு முன்னால் வீசுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வதாம். உனக்கு அவசரம் பிறவிக்குணம் என்பதால் இதைச் சொல்கிறேன். 9 அடிக் கோலும் 5ஆம் எண் லைனும் (அந்த எண் லைனின் கனத்தைக் குறிப்பது) அந்த ஆற்றுக்குப் பொருந்தும். யாரிடமாவது இரவல் வாங்கி, முள்ளுக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி, உன் குடியிருப்புப் பூங்காவில் காலையில் பழகு. மணிக்கட்டை ஆட்டாமல் முன்கையால் வீசு. கோல் தலைக்கு மேலே இருபுறமும் சிறிது தூரம் போனாலே போதும்.

வெகுதூரம் வீச வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடு. மலையாற்றில் பத்து மீட்டருக்குள்தான் பெரும்பாலும் வேலை. டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து மேற்புறம் பார்த்தபடி, கல்லின் மறைவில் வேகம் குறைந்த இடத்தில் நின்று, அடித்துவரும் பூச்சிகளைப் பொறுக்கும். அதன் முதுகுப் பக்கமாக, கீழிருந்து மேல்நோக்கி நீ நடந்து போக வேண்டும். ஈ நீரில் விழுந்ததும் நீரோட்டத்தின் அதே வேகத்தில் போக வேண்டும். லைன் இழுத்து ஈ குறுக்கே ஓடினால், பூச்சி அப்படி ஓடாது என்பது மீனுக்குத் தெரியும். மேலே மிதக்கும் ஈயைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் டிரவுட் தின்பதில் பெரும்பகுதி நீருக்கடியில் கற்களை ஒட்டி வாழும் இளம்பூச்சிகள். வழிகாட்டி ஒரு சிறு மிதவையைக் கட்டி நிம்ஃப் என்னும் மூழ்கும் ஈயைக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்.

கோல், ரீல், நீரில் இறங்கும் காலணி எதையும் விலைக்கு வாங்காதே, அவரே தருவார். நீருக்குள் பார்க்க உதவும் போலராய்டு கண்ணாடியும் தொப்பியும் மட்டும் வாங்கு; பின்னாலிருந்து வரும் முள்ளிலிருந்து கண்ணையும் காப்பாற்றும். முள்ளில் எதிர்க்கொக்கி இருந்தால் குறட்டால் நசுக்கிவிடச் சொல். காசிமேட்டுக் கடலில் நீந்தியவன் என்ற தைரியம் அங்கே செல்லாது. பனிநீர் கையையும் காலையும் சீக்கிரமே மரத்துப்போகச் செய்யும். முழங்காலுக்கு மேல் இறங்காதே. விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து, பாதங்களை நீர் ஓடும் திசையில் நீட்டி, கரைப்பக்கம் ஒதுங்கு; நிற்க முயன்றால் கல்லிடுக்கில் பாதம் சிக்கி நீர் மேலே ஏறிவிடும். உன் நண்பர் பீர் பற்றி எழுதியிருந்த வரியையும் படித்தேன். ஆற்றில் இறங்கும் நாளில் கூடாது. அவரிடம் நீயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

பிடித்ததை விட்டுவிடுவதில் எனக்கும் முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது. மீனோடு விளையாடும் பழக்கம் நம் வீட்டில் இருந்ததில்லை. ஆனாலும் குளிர்ந்த ஆற்றில் மீன் மெதுவாகத்தான் வளரும், வருகிறவர்கள் எல்லோரும் எடுத்தால் ஆறு தாங்காது என்பது புரிகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் ரெயின்போ டிரவுட் வளர்க்கும் பண்ணைகள் இருக்கின்றன. குழம்பு வைக்க எனக்குப் பண்ணை மீன் போதும். புளியும் மிளகாய்த்தூளும் இங்கிருந்தே கொண்டுவருகிறேன்.

நான் வருகிறேன். அப்பா குளிருக்குப் பயந்து வரவில்லை என்றுவிட்டார். நான் நீரில் இறங்கப் போவதில்லை, கரையில் நாற்காலி ஒன்று போட்டுத் தந்தால் போதும். தூண்டில் போடாத ஆளுக்கும் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள். அறை தரைத்தளத்தில், வெந்நீரோடும் மேற்கத்தியக் கழிப்பறையோடும் இருக்க வேண்டும், முழங்கால் முன்போல் இல்லை. டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் அவுட் என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்துக் குஷைனி போகலாம் என்று நீ எழுதியிருந்தது சரிதான்; ஆனால் ரயிலில் வந்து இறங்கிய அன்றிரவே என்னைப் பேருந்தில் ஏற்றாதே, ஒரு நாள் உன் வீட்டில் ஓய்வெடுத்துக்கொள்கிறேன். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த உடனே கீழ்ப் படுக்கைகள் போய்விடும். எனவே வழிகாட்டியிடம் தேதியை உறுதி செய்து ஜூலை முடிவதற்குள் எனக்கு எழுது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நானே பதிவு செய்துகொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா