வாட்டர் பாத்தில் மிதந்த துண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு பஸ் வந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் இது போனில் சொல்லித் தீர்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. எட்டுச் சுண்டெலிகளுக்குக் கட்டி வளர்த்து, கட்டியை ஸ்கேனில் ஒளிர வைக்கிற உங்கள் மருந்தைச் செலுத்தி, ஸ்கேன் எடுத்திருக்கிறாய். எட்டிலும் கட்டி பளிச்சென்று தெரிகிறது. ஆனால் இரண்டில், கட்டி வைத்த இடத்துப் புண் இன்னும் ஆறிக்கொண்டிருந்தது. அங்கே ஒளிர்வது கட்டியா, ஆறுகிற புண்ணா என்று உனக்கே நிச்சயமில்லை. சேர்த்துக்கொண்டால் கணக்கு அழகாக வருகிறது. விட்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆறு மாதம் போய்விடும். "சொல்லாட்டியும் யாருக்கும் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். அந்தப் பேசாத நேரம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் லேபில் சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். நீ பிறக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலினில் போட்டு வருகிற சதையை ஆல்கஹாலில் நீர் போக்கி, சைலீனில் தெளியவைத்து, உருகிய பாரஃபின் மெழுகில் இறக்கி பிளாக் கட்டுவோம். அதை மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்கு வெட்டுவது என் வேலை. தலைமுடியின் கனத்தில் பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, வெட்டிய ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன் மாதிரி இறங்கும். அதைத் தூரிகையால் தாங்கி, வாட்டர் பாத்தில் வெதுவெதுப்பான தண்ணீர்மேல் விட்டால் சுருக்கமெல்லாம் தானாக விரியும். கண்ணாடி ஸ்லைடை அடியில் செருகிச் சாய்த்துத் தூக்கினால் ஏடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டூல்மேல் ஏறி நின்று இதைப் பார்ப்பாயே, "தண்ணிமேல துணி காயுதும்மா" என்பாய். அதே வேலைதான்.

அதில் ஒரு விதி உண்டு. ஒரு பிளாக் முடிந்து அடுத்த பிளாக்கைத் தொடும் முன் தண்ணீரின் மேல்பரப்பை ஒரு பேப்பரால் வழித்துவிட வேண்டும். முன் பிளாக்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஏதாவது மிதந்துகொண்டிருக்கும். அது அடுத்தவரின் ஸ்லைடில் ஏறிவிட்டால், அவருடைய உடம்பில் இல்லாதது அவருடைய ஸ்லைடில் இருக்கும்.

பொங்கலுக்கு முந்தின நாள். மேசைமேல் நாற்பது பிளாக். ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரம். இரண்டு மூன்று தடவை பேப்பர் போடாமலே அடுத்ததற்குப் போய்விட்டேன்.

பண்டிகை முடிந்து வந்தபோது எங்கள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னார். முப்பது வயது தாண்டிய ஒரு ஆசிரியையின் மார்புக் கட்டி. நார்க்கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லாத வகை. ஆனால் ஸ்லைடின் ஒரு மூலையில் ஊதாவாக ஒரு கொத்து. உட்கரு ஒவ்வொன்றும் வீங்கி, ஒன்றோடொன்று சேராத அளவுகளில், அச்சுப் பிசகின எழுத்து மாதிரி. புற்று என்று எனக்கே தெரிந்தது. அந்தக் கொத்துக்கும் சுற்றியிருந்த சதைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. "இது இந்த பிளாக்கிலிருந்து வந்ததுதானா?" என்று கேட்டார்.

'ஆமாம்' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது, பாப்பா. வேலை நிரந்தரமாகாத காலம். நான் பேப்பர் போட்டேனா இல்லையா என்று பார்த்த ஆள் யாரும் கிடையாது. அந்த ஆசிரியையின் முகம்கூட எனக்குத் தெரியாது, பிளாக்கின்மேல் ஒரு நம்பர்தான் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் அவருக்கு மார்பே போயிருக்கலாம். "பேப்பர் போடலை மேடம்" என்றேன். அதே பிளாக்கை ஆழமாக வெட்டினோம், ஒரு தடவைக்கு மூன்று தடவை. அந்தக் கொத்து எங்குமே இல்லை. அதற்கு முன்னால் நான் வெட்டினது ஒரு பெரியவரின் இரைப்பைப் புற்று. டாக்டரம்மா நடந்ததை ரெஜிஸ்டரில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். திட்டும் விழுந்தது. அந்த ஆசிரியைக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை, பேப்பர் போடாமல் ஒரு பிளாக்கை நான் தொட்டதில்லை.

உன் ஸ்கேனும் என் ஸ்லைடும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். நான் இறந்த சதையைப் பார்த்தவள், நீ உயிரோடு இருக்கிற உடம்புக்குள் பார்க்கிறாய். ஆனாலும் படம் என்று வந்துவிட்டால், அது காட்டுவது ஒன்று, நாம் அதற்கு வைக்கிற பேர் இன்னொன்று. இந்த மூன்று மாதத்தில் நம் வீட்டிலேயே அதைப் பார்த்துவிட்டோம். சித்தப்பாவுக்கு பெட் ஸ்கேனில் கழுத்திலும் நெஞ்சுக்குள்ளும் நெறிகட்டிகள் விளக்கு வரிசை மாதிரி எரிந்தன. உன் சித்தி அன்றைக்கே அழ ஆரம்பித்துவிட்டாள். "எரியுதே அக்கா, புற்றுதானே அப்படி எரியும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததை வைத்து அவளுக்குச் சொன்னேன். ஸ்கேனுக்கு முன்னால் ஊசியில் ஏற்றுவது ஒருவகைச் சர்க்கரை, அதில் கதிர்வீசும் ஃப்ளூரின் ஒட்டியிருக்கும். சர்க்கரையை அதிகம் தின்கிற செல் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதை முழுசாகச் செரிக்க முடியாது, வெளியேயும் விட முடியாது, அங்கேயே மாட்டிக்கொண்டு ஒளிரும். ஆக அந்த வெளிச்சம் காட்டுவது பசியைத்தான். புற்றுக்கும் பசி உண்டு, காச நோய்க் கிருமியோடு மல்லுக்கட்டுகிற செல்லுக்கும் பசி உண்டு. மூளை எந்நேரமும் தின்றுகொண்டே இருப்பதால் எல்லார் படத்திலும் எரியும். கடைசியில் கழுத்திலிருந்து ஒரு நெறிகட்டியை எடுத்துச் சதை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். டிபி. ஆறு மாத மாத்திரை, இப்போது மூன்றாவது மாதம். நேற்று வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நம் ஊர் டாக்டர்கள் எரிகிற நெறிகட்டியைப் பார்த்ததும் புற்று என்று முடிவு கட்டாமல் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். டிபி இவ்வளவு இருக்கிற நாட்டில் அந்தச் சந்தேகம் ரொம்ப அவசியம்.

புற்றுச்செல் சர்க்கரையை அள்ளித் தின்கிறது என்பதை 1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி கண்டதைப் பற்றி நீ முன்பு சொன்னபோது, அவரும் கட்டியை மெல்லிய ஏடுகளாகச் சீவித்தான் சோதித்தார் என்று கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவர் கண்டது இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் செல்லின் சுவாசம் பழுதானதுதான் புற்றுக்கே மூலம் என்று அவர் சொன்ன காரணம் அப்படியே நிற்கவில்லை, பல புற்றுகளில் அந்தச் சுவாசம் நன்றாகவே நடக்கிறது. 1931-இல் நோபல் வாங்கின மனிதருக்கே கண்டது வேறு, அதற்குச் சொன்ன காரணம் வேறு என்று ஆகியிருக்கிறது.

நீ ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் செய்கிற வேலை எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஹீமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயமும் ஏற்றின ஸ்லைடில் எல்லாரும் ஊதா உட்கருவைத்தான் தேடுவார்கள். நான் சுற்றியிருக்கும் ரோஜா நிற நாரையும் பார்ப்பேன். கணையப் புற்றில் கட்டியின் பெரும்பகுதியே அந்த நார்தான். புற்றுச்செல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அதற்குள் ஒளிந்திருக்கும். பிளேடு இறங்கும்போதே 'நறநற' என்று கைக்குத் தெரியும். அந்த நாரை நெய்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லையே ஒளிர வைக்கிறோம், சர்க்கரை ஏற்றுகிற ஸ்கேன் மாதிரி இதற்குப் பட்டினி கிடக்கக்கூட வேண்டாம் என்று நீ சொன்னபோது, நான் முப்பது வருஷம் பார்த்த ரோஜா நிறத்துக்கு இப்போதாவது ஒரு மரியாதை கிடைத்ததே என்று நினைத்தேன்.

ஆனால் அதே ஃபைப்ரோபிளாஸ்ட்தான் புண்ணையும் ஆற்றுகிறது. ஆறுகிற புண்ணிலும் அது விழித்துக்கொள்ளும். உன் இரண்டு எலிகளில் ஏதோ தப்பாகிவிட்டது என்று நீ நினைக்கிறாய். உன் மருந்து எதையெதை ஒளிர வைக்கும் என்பதை அந்த இரண்டும்தான் காட்டுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கு ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவருக்கு இதே ஸ்கேன் எடுத்தால், தையல் போட்ட இடம் எரியாதா? அதைப் பார்த்து இன்னொரு டாக்டர் கட்டி திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால்?

திங்கட்கிழமை மீட்டிங்கில் நீயே முதலில் சொல்லிவிடு. ஆறு மாதம் போனால் போகட்டும். வீட்டுக் கடனை நினைத்துக் கவலைப்படாதே, அப்பா பார்த்துக்கொள்வார்.

அப்புறம் ஒரு வேலை. அந்த இரண்டு எலிகளின் கட்டியையும் பக்கத்துத் தோலோடு சேர்த்து வெட்டி, சாயம் ஏற்றி, எனக்குப் படம் அனுப்பு. புது ரத்தக் குழாய்கள் மேல்நோக்கி நேராக ஏறி, ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் தோலுக்கு இணையாகப் படுத்திருந்தால் அது புண். நார் புற்றுச்செல் கூட்டங்களைச் சுற்றிச் சுற்றி வளைத்திருந்தால் கட்டியின் நார். சில இடத்தில் இரண்டும் கலந்து கிடக்கும், அதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாற்றிவிட்டேன், இப்போது நன்றாகத் தெரிகிறது. உனக்கு எந்த நேரம் தோது என்று சொல், வீடியோ காலில் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

வெட்டுகிறவரிடம் வாட்டர் பாத்தில் பேப்பர் போடச் சொல்.

அன்புடன்,
அம்மா