சேவல் விஷயமா அம்மா எழுதுவது

குரும்பப்பட்டி,
ஆனி 12

தம்பிக்கு,

போன்லயே பேசியிருக்கலாம். நான் பேசினா போன் இல்லாமலே புனே வரைக்கும் கேக்கும்னு உங்கப்பா சொல்றார். மேக்கால இருக்கிற அத்தை வூட்டுக்குக் கேக்காதா? அதான் மாங்கா வத்தல் டப்பாவுக்குள்ள இந்தக் கடுதாசி.

நீ அத்தை மகனுக்குப் போன் போட்டு, "உங்க சேவல் இன்னொரு தடவை எங்க வாசலுக்கு வந்தா அறுத்துக் கொழம்பு வெச்சுருவோம்"னு சொன்னியாமே. நான் உங்கிட்ட பொலம்பினது வாஸ்தவம். பொலம்பறது எதுக்கு, பாரம் எறங்கறதுக்குத்தான். நீ அதை எடுத்துக்கிட்டுப் போய் பஞ்சாயத்து பண்ணுவேன்னு நான் கண்டேனா?

அது என்ன சேவல்னு உனக்குத் தெரியாது. போன வருஷம் அவன் வண்டியோட விழுந்து, கால்ல கம்பி வெச்சுப் படுத்துக் கெடந்தான் பாரு, அப்ப அத்தை முனியப்பனுக்கு நேர்ந்து விட்ட சேவல். அவன் காலுக்காக விட்ட சேவலை அறுப்பேன்னு அவங்கிட்டயே சொல்லியிருக்கே. நாலு நாள் அத்தை கொழாயடியில என்னைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. அஞ்சாம் நாள் உங்கப்பா டீக்கடையில கேட்டுட்டு வந்து சொன்ன பொறவுதான் தெரிஞ்சது.

சேவல் பண்ண அநியாயம் இல்லேன்னு சொல்லலை. நம்முது அத்தனையும் சிறுவிடை, சின்ன சாதி நாட்டுக்கோழி. அது பெருவிடை, தூக்கினா நாலு கிலோ கனக்கும். நான் காலையில கம்பை அள்ளிக்கிட்டு "ப்பா ப்பா"ன்னு கூப்பிட்டா நம்ம கோழிக்கு முன்னாடி அது வந்து நிக்கும். நம்ம செஞ்சேவல் ரெண்டு நாள் எதுத்து நின்னு பார்த்துச்சு. மூணாம் நாள் கொண்டை கிழிஞ்சு வெறகு அடுக்குக்குப் பின்னால போய் ஒளிஞ்சுது. அதுக்கப்புறம் கூவவே இல்லை. விடிஞ்சதே தெரியாம உங்கப்பா பால் ஊத்த லேட்டாப் போனார்.

பெட்டைங்க பாடு அதை விட மோசம். அந்தக் கனம் ஏறி ஏறி முதுகுல மயிரே இல்லாமப் போச்சு. சாம்பக்கோழிக்குக் கால்முள் பட்டு எறக்கைக்குக் கீழே ரெண்டு வெரக்கடை நீளத்துக்குத் தோலே பிரிஞ்சுடுச்சு. ரத்தத்தைக் கண்டா மத்த கோழிங்க சும்மா விடுமா? அதையே கொத்தும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழைச்சுத் தடவி, பத்து நாள் உள்ரூம்ல கொடாப்புல கவுத்து வெச்சுத்தான் காப்பாத்தினேன். ரூம் நாறுதுன்னு உங்கப்பா திண்ணையில படுத்துக்கிட்டார்.

எல்லாத்துக்கும் மேல அடைமுட்டை, குஞ்சு பொரிக்க வெக்கறதுக்கு நான் விக்கிற முட்டை. கன்னங்குறிச்சியில இருந்தெல்லாம் சுத்த சிறுவிடைன்னு நம்பி வந்து வாங்கிக்கிட்டுப் போறாங்க. ஒரு அம்மா 12 முட்டை வாங்கிப்போய் வெச்சு, 21 நாள் கழிச்சு வந்து, "என்னக்கா, குஞ்சுங்க கொக்காட்டம் காலோட இருக்குது"ன்னு கேட்டுச்சு. எனக்கு மானம் போச்சு. சேவலைத் தொரத்திட்டா சரியாயிரும்னு நெனைக்காதே. ஒரு தடவை சேர்ந்தா அந்த வித்து கோழி வயித்துலயே ரெண்டு மூணு வாரம் நிக்கும். அது வராம இருந்த நாள்ல இட்ட முட்டையும் அதோட முட்டைதான். ஒரு மாசம் அடைமுட்டை விக்கிறதையே நிறுத்திப்புட்டு, அத்தனையும் ஆம்லெட்டா நாங்களே தின்னோம்.

நீ சொன்ன மாதிரி வேலியும் போட்டோம். பச்சை நெழல்வலையை நாலடி ஒசரத்துக்குக் கட்டினார் உங்கப்பா. அது முருங்கையில ஏறி அங்கிருந்து குதிச்சுது. ஒத்தை எறக்கையில நீள மயிரை வெட்டி விட்டா பறக்கறப்ப ஒரு பக்கமா சாஞ்சு விழுந்துரும், வலிக்கவும் வலிக்காது. ஆனா சாமிக்கு விட்டதை மூளியாக்கலாமா? கட்டிப்போடவும் அத்தைக்கு மனசு வராது. வேலியை எத்தனை ஒசத்தினாலும் அது ஏறத்தான் போகுது. அது ஏன் வருதுன்னு நான் ரோசிக்கவே இல்லை பாரு.

அத்தை வூட்டுல ஒரு கோழி கூட இல்லை கண்ணு. மாசியில வெள்ளைக்கழிச்சல் வந்து, கழுத்தைத் திருகிக்கிட்டு, பச்சையும் வெள்ளையுமாக் கழிஞ்சு, ஒரே வாரத்துல 11 கோழி போயிடுச்சு. தப்பினது இது ஒண்ணுதான். ஒண்டிச் சேவல் பெட்டை இருக்கிற எடத்துக்குத்தானே வரும்? தீனிக்கு வருதுன்னு நான் பாட்டுக்குக் கம்பை அளந்து அளந்து போட்டுக்கிட்டிருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை நானே போனேன். திண்ணையில ஒக்காந்து, "எம்பையன் பேசினது தப்பு, அவனுக்கு வெவரம் தெரியாது"ன்னு சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் காப்பி வெச்சுச்சு. சக்கரை கம்மிதான், கோவம் இன்னும் மிச்சம் இருந்துச்சு போல. நம்ம கோழியில அஞ்சைப் பிடிச்சு பங்குக்கு வளக்க விடறேன்னேன். குஞ்சு பொரிச்சா பாதிக்குப் பாதி. ஒண்ணு ரெண்டு கொடுத்தா பத்தாது, அந்தக் கனத்துக்கு ரெண்டே கோழின்னா முதுகு தாங்காது. அதனால நம்முதுல நல்லாப் பெருத்ததாப் பார்த்து அஞ்சு.

கொடுக்கறதுக்கு முன்னாடி ஊசி போட்டாகணும்னு நான் கண்டிசனாச் சொல்லிட்டேன். சீக்கு வந்து போன எடம். நம்ம கோழிங்களுக்குத் தை கடைசியில போட்டதுதான் அன்னிக்குக் காப்பாத்துச்சு. அந்த மருந்து ஒரு குப்பி 100 கோழிக்கு வரும். கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டுரணும், மிஞ்சினதை எடுத்து வெக்க முடியாது. அதனால தெருவையே கூட்டினோம். டாக்டரம்மா ஐஸ் டப்பாவோட வந்து அத்தை வூட்டு வாசல்ல ஒக்காந்துச்சு. ஆளாளுக்குச் சாக்குல, கூடையில, சேலை முந்தானையிலன்னு கோழியைக் கொண்டாந்தாங்க. முனியப்பன் சேவலைப் பிடிச்சது யாருங்கறே? அத்தை மகன்தான். காலை லேசா இழுத்து இழுத்து நடந்து போய் ஒரே அமுக்கா அமுக்கிட்டான்.

கோழிங்களை ஊசி போட்ட கையோட அனுப்பலை. மருந்து பிடிக்கட்டும்னு ரெண்டு வாரம் நம்ம வூட்டுலயே வெச்சிருக்கேன். அதுவரைக்கும் நம்ம கோழிங்களைப் பொழுது சாய ஒரு மணி நேரம்தான் வெளிய விடறேன், தீனியெல்லாம் உள்ளயே. அந்த ஒரு மணி நேரம் சேவலைக் கவுத்து வெச்சுக்கறேன்னு அத்தையே சொல்லிடுச்சு. கட்டறதுதானே கூடாது, கவுக்கலாமாம். நேத்துல இருந்து நம்ம செஞ்சேவல் கூவுது. நேரங்காலம் தெரியலை, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூவுது. போவட்டும்.

ஆடி ரெண்டாவது ஞாயிறு முனியப்பனுக்குப் பொங்கல். நமக்கும் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி நீ அத்தை மகனுக்கு ஒரு போன் போடு. நான் சொல்லித்தான் பண்றேன்னு சொல்லாதே. நீ என்ன பேசினேன்னு எங்கிட்டயும் சொல்ல வேணாம், கொழாயடியில தெரிஞ்சுரும்.

வத்தலை வெயில்ல ஒருக்கா காட்டி வை. அங்க மழைன்னா பூத்துரும்.

அம்மா