பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி: பெற்றோர் கவனத்திற்கு

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

தரம் 8 முதல் 11 வரையான பெண்பிள்ளைகளுக்கான தற்காப்புப் பயிற்சி, வாற 14ஆம் திகதி சனிக்கிழமை காலை 8.30க்கு எங்கட பாடசாலை மண்டபத்தில் தொடங்குது. 6 சனிக்கிழமை, 2 மணித்தியாலப்படி.

இது அடிதடி பழக்கிற வகுப்பில்லை. "வேண்டாம்" எண்டு உரத்துச் சொல்ல, பிடியை விடுவிச்சு ஓட, நடந்ததை நம்பிக்கையான ஆளிட்டச் சொல்லப் பழக்குவினம். கென்யாவின் நைரோபியில் இப்படிப் பழகின மாணவிகளில் பாதிக்கு மேல், அடுத்த ஒரு வருடத்துக்குள்ள அதால தங்களைக் காப்பாற்றினதாகச் சொல்லியிருக்கினம் (2013 ஆய்வு). ரியூசன் முடிஞ்சு இருட்டில குளக்கட்டால வாற எங்கட பிள்ளையளுக்கும் இது வேணும். தொந்தரவு குடுக்கிறது பலநேரம் தெரிஞ்ச ஆள்தான் எண்டதையும் மறக்காதேங்கோ.

1. சம்மதக் கடிதம் வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம்.
2. விளையாட்டு உடுப்பு, தண்ணிப் போத்தல்.
3. முதல்நாள் 10.30க்குப் பெற்றோர் கூட்டம். அப்பாமாரும் கட்டாயம் வரவேணும். பிள்ளை ஏதும் சொன்னால் "நீ ஏன் அங்க போனனீ?" எண்டு கேட்காமல் இருக்க நாங்களும் பழகவேணும்.
4. சிறுவர் உதவி இலக்கம் 1929. இப்பவே போனில பதியுங்கோ.

பிள்ளையின் பெயரைக் குழுவில் போடவேண்டாம். புதன் இரவுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கோ.