எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிப்பது?

டல்லாஸ், டெக்சஸ்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. இரவுப் பணியைச் சாக்காகச் சொல்லலாம்தான். ஆனால் நீ கேட்டிருந்த கேள்விக்கு அரைகுறையாகப் பதில் எழுதக் கூடாது என்றே தள்ளிப்போட்டேன். விடுதி மொட்டை மாடியில் சீருடைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்த நம்மில் ஒருத்திக்கு, பி.எஸ்ஸி. நர்சிங் முடித்த மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை நம்பத்தான் முடியவில்லை. கயலுக்கு என் வாழ்த்தைச் சொல்.

"அமெரிக்க லைசென்ஸ் வாங்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது, செல்வி. செவிலியரோ மருத்துவரோ இயன்முறைச் சிகிச்சையாளரோ, இங்கே யாருக்கும் உரிமம் தருவது மாநிலம்தான். வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம் மருத்துவர்களுக்குத் தகுதி விதிக்கலாமா என்ற வழக்கில், 1889இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. செவிலியர் பதிவுக்கு முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் நார்த் கரோலினா, அது 1903இல். அன்றிலிருந்து ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு வாரியத்தையும் தனி விதிகளையும் வைத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிந்திருந்த நீ, தில்லியில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கும் பதிய அலைந்தாயே, அதையே பல மடங்கு பெரிதாக்கி நினைத்துப் பார்.

தேர்வு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். உரிமம் கேட்கும் செவிலியர் எல்லோரும் எழுதும் என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வில் குறைந்தது 85 கேள்விகள், அதிகம் போனால் 150. நேரம் 5 மணி. முந்தைய விடைகளைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினியே தேர்ந்தெடுக்கும். கயல் அதைச் சென்னையிலேயே எழுதலாம், தேர்ச்சி அளவும் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றே. ஆனால் அவள் எழுதத் தகுதியானவள் என்று முதலில் ஒரு மாநில வாரியம் சொல்ல வேண்டும். எந்த வாரியத்தைக் கேட்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கொழுந்தனார் சான் ஹோசேயில் இருக்கிறார், அதனால் கலிபோர்னியாவுக்கே போட்டுவிடலாம் என்று உன் வீட்டில் முடிவு செய்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைத்தான் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் ஒரு பாடத்தின் வகுப்பும் அதற்கான வார்டுப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும். மனநலம், மகப்பேறு, குழந்தைநலம் என ஒவ்வொன்றுக்கும் இப்படிப் பார்ப்பார்கள். இந்த ஒரு விதியால் திரும்பி வந்த ஃபிலிப்பைன்ஸ் செவிலியர்களின் விண்ணப்பங்கள் எத்தனையோ. எனக்கும் அதே கதிதான். நாம் மனநலப் பாடத்தை ஓர் ஆண்டில் படித்துவிட்டு, வார்டுக்கு அடுத்த ஆண்டுதான் போனோம், நினைவிருக்கிறதா? நம் கல்லூரி அனுப்பிய மதிப்பெண் விவரத்திலோ தேதியே இல்லை, மொத்த மணிக்கணக்கு மட்டும்தான் இருந்தது. திருத்தி அனுப்பும்படி பதினொரு மாதம் எழுதினேன், ஃபோன் செய்தேன், கடைசியில் என் தம்பியையே நேரில் அனுப்பினேன். "அந்த ரெஜிஸ்டர் இப்போது இல்லை" என்றார்களாம். அதோடு கலிபோர்னியாவைக் கைவிட்டேன். கயல் 2021இல் வந்த செமஸ்டர் முறையில் படித்தவள் என்பதால் நம்மைவிட அவளுக்குச் சாதகம் உண்டு. ஆனாலும் தாளில் தேதி இல்லாவிட்டால் அந்தச் சாதகமும் வீண். போதாததற்கு, அங்கே விண்ணப்பிக்க, இங்கே வேலை செய்பவர்களுக்கு அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ அமெரிக்க வருமான வரி எண்ணோ வேண்டும். ஊரில் இருப்பவள் அதற்கு எங்கே போவாள்?

நம்மூர்ப் பெண்கள் பலர் நியூயார்க்கை நாடுவது இதனால்தான். அந்த எண் இல்லாமலே அங்கே விண்ணப்பிக்கலாம். கல்லூரிச் சான்றுகளைச் சரிபார்த்து அனுப்புவதற்குத்தான் நேரமாகும். அதோடு தொற்றுத் தடுப்பு, குழந்தை வதையைக் கண்டறிதல் என இரண்டு சிறு பயிற்சிகளை முடித்துக் காட்ட வேண்டும். தேர்வில் தேறி அங்கே உரிமம் வாங்கிவிட்டால், வேலை கிடைக்கும் மாநிலத்திடம் எண்டார்ஸ்மெண்ட், அதாவது அந்த உரிமத்தை வைத்தே தன் உரிமத்தையும் தரும்படி, கேட்கலாம். தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த மாநிலம் தன் பங்குக்கு ஏதாவது கேட்கும். டெக்சஸில் என்னைச் செவிலியர் சட்டம் பற்றித் தனியாக ஒரு தேர்வு எழுத வைத்தார்கள். ஃப்ளோரிடாவில் என்கிளெக்ஸில் மூன்று முறை தவறியவர் ஒரு பயிற்சி வகுப்பை முடித்த பிறகே மீண்டும் எழுத முடியும். உரிமத்தைப் புதுப்பிக்க இரண்டாண்டுக்கு ஒருமுறை டெக்சஸில் 20 மணி நேரப் படிப்பு, கலிபோர்னியாவில் 30. சர்க்கரை நோயாளியின் புண்ணுக்கு எல்லா மாநிலத்திலும் ஒரே மருத்துவம்தான் செய்கிறோம், இந்தக் கணக்கு மட்டும் ஏன் மாறுகிறதோ எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரே உரிமத்தில் பல மாநிலங்களில் வேலை செய்ய ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 2000இல் தொடங்கியது, 2018இல் புதுப்பிக்கப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் இருக்கின்றன. டெக்சஸ் உண்டு, நியூயார்க்கும் கலிபோர்னியாவும் இல்லை. ஆனால் அது உறுப்பு மாநிலத்தில் குடியிருப்பவருக்குத்தான் கிடைக்கும், ஆகையால் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் கயலுக்கு இப்போது உதவாது. "ஒரு லைசென்ஸ் போதும், எங்கும் வேலை" என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் இதைக் கேட்டுப் பார். விசாவுக்கு வேண்டிய விசாஸ்கிரீன் சான்றிதழ், அதாவது படிப்பையும் உரிமத்தையும் ஆங்கிலத்தையும் சரிபார்த்துத் தரும் சான்று, மட்டும் மத்திய அரசின் சட்டப்படி வருவது. எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதிலிருந்து தப்ப முடியாது.

இந்த வாரமே கயலைக் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்பு. ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எப்போது, வார்டு எப்போது, எத்தனை மணி என்று தேதியோடு எழுதி, முத்திரையிட்டு, மூன்று பிரதிகளாக வாங்கி வரட்டும். அவளை அடையாளம் தெரிந்த எழுத்தர் இன்னும் அங்கே இருக்கும்போதே இது நடக்க வேண்டும். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு நியூயார்க்கா வேறு இடமா என்று சொல்கிறேன்.

அம்மாவின் முழங்கால் அறுவை பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருந்தாய். இப்போது நடக்கிறார்களா?

அன்புடன்,
வசந்தா