நனைந்த தலையோடு படுக்காதே, குஞ்சு

எட்மன்டன், லண்டன்
ஞாயிறு இரவு

என் அன்பு மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "தலைமயிர் ஊறின நூடில்ஸ் மாதிரி இருக்கு அம்மா, தொட்டால் கையோட வருது" என்று சொன்னாய். அதற்கு என்ன செய்கிறாய் என்று கேட்டால், இன்னும் கூடக் கொண்டிஷனர் போடுகிறேன் என்கிறாய். கடைசியில்தான் கேட்டாய், கொண்டிஷனர் கூடினாலும் கெடுதலா என்று. நான் வாய் திறக்க முன் உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆறுதலாகச் சொல்லவேண்டிய விஷயம் இது, அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருஷம் போன பிள்ளை நீ, மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் கோடு போட்டு வை, பிறகு கேட்கலாம்.

கூடலாம். ஆனால் குற்றம் போத்தலுக்குள் இருக்கிறது என்று நினைக்காதே. கொண்டிஷனரில் நேர் மின்னேற்றம் கொண்ட பொருட்கள் இருக்கின்றன. மயிரில் அடிபட்ட இடமெல்லாம் எதிர் மின்னேற்றத்தோடு இருக்கும், அதனால் அங்கேதான் போய் ஒட்டும். ஒட்டவேண்டிய இடமெல்லாம் மூடிவிட்டால் மிச்சம் அலசும்போது தண்ணீரோடு போய்விடும். அதற்குச் சில நிமிஷம் போதும். இரவு முழுக்க வைத்தால் எட்டு மடங்கு நன்மை என்று ஒன்றும் இல்லை. மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் 22 வருஷமாக நிற்கிறேன், ஒரு களிம்பைத் தடிப்பாகப் பூசினால் கெதியாக மாறும் என்று நம்பாத ஆளை நான் கண்டது குறைவு. நீயும் அப்படித்தான் நம்பியிருக்கிறாய்.

உன் தலைக்குக் கேடு செய்தது ஈரம். நீ சொன்னதை ஒன்று ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். காலையில் கொண்டிஷனரால் மட்டும் கழுவுகிறாய், ஷாம்பூ இல்லை. பிறகு கழுவாமல் விடுகிற கிறீம். மத்தியானம் காய்ந்த மாதிரி இருந்தால் தண்ணீர் தெளிக்கிறாய். கிழமையில் மூன்று நாள் கொண்டிஷனரைப் பூசி பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு படுக்கிறாய். இந்த நாலு மாதத்தில் உன் தலை ஒரு நாளாவது முழுதாகக் காய்ந்ததா?

மயிரின் வெளிப்பக்கம் கூரை ஓடு அடுக்கின மாதிரி, செதில் மேல் செதிலாக இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் மயிர் வீங்கும். நீளத்தில் பெரிதாக மாற்றம் வராது, தடிப்பில் ஏறக்குறைய 15 வீதம் கூடிவிடும். தன் நிறையில் 30 வீதம் வரைக்கும் தண்ணீர் குடிக்கும். வீங்கும்போது அந்த ஓடுகள் விளிம்பில் கிளம்பும், காயும்போது படியும். இது கிழமைக்கு ஒரு தரம் நடந்தால் மயிர் தாங்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், மாதக்கணக்கில் நடந்தால் ஓடு உடையும், உள்ளே இருக்கிற புரதம் கரைந்து வரும். பிறகு நனைந்த மயிரை இழுத்தால் நீளும், ஆனால் திரும்பி வராது. நீ சொன்ன நூடில்ஸ் அதுதான்.

உன்னுடைய மயிருக்கு இது இன்னும் கூடுதலாக நடக்கும். என்னுடைய மயிர் நேராக விழும், வெட்டிப் பார்த்தால் வட்டத்துக்குக் கிட்ட இருக்கும். உன்னுடையது அப்பாவின் ஜமேக்காப் பக்கத்து மயிர், தட்டையாக, நாடா மாதிரி. அது சுழிந்து வளருகிறது, ஒவ்வொரு வளைவிலும் ஒரு முறுக்கு, முறுக்கு விழுகிற இடம் மெலிவு. தலைத்தோலில் ஊறுகிற எண்ணெய் என் தலையில் நுனிவரைக்கும் வழிந்துவிடும். உன் தலையில் இரண்டு சுழி இறங்க முன் நின்றுவிடும். அதனால்தான் உனக்குக் கொண்டிஷனர் தேவை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கத் தோல் வைத்தியர் சங்கம்கூட உன் மாதிரித் தலைக்குக் கிழமைக்கு ஒரு தரமோ இரண்டு கிழமைக்கு ஒரு தரமோ கழுவச் சொல்கிறது, கழுவுகிற ஒவ்வொரு முறையும் கொண்டிஷனர் போடு என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும். நீ இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டாய்.

இதையெல்லாம் நான் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. உன் தலையில் படித்தேன், அது உனக்கு நோவாகத்தான் முடிந்தது. நீ பிறந்தபோது உன் மயிர் பட்டு மாதிரிப் படிந்து கிடந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு சுருளத் தொடங்கிற்று. படம் அனுப்பினேன். "சுருட்டை முடி சோறு போடும், நல்லதுதான் பிள்ளை" என்று அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதினா. எனக்குத் தெரிந்தது அவ எனக்குச் செய்ததுதான்: எண்ணெய் வை, சிறு பல்லுச் சீப்பால் உச்சியில் இருந்து இழு, பின்னு. காய்ந்த தலையை அப்படி இழுத்தேன். நீ குழறுவாய். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டுகிற அளவுக்குக் குழறுவாய். நானும் அழுதுகொண்டே இழுப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசுகிறது.

ஒரு ஞாயிறு உன் அப்பம்மா வந்தா. ஒன்றும் பேசாமல் என் கையில் இருந்த சீப்பை வாங்கி மேசையில் வைத்தா. உன்னைத் தன் முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இருத்தி, தலையை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் நனைத்து, கொண்டிஷனரைத் தடவி, விரலாலேயே சிக்கெடுத்தா. நுனியில் தொடங்கி மேலே, மேலே. நீ அவவின் மடியில் நித்திரையாகிப் போனாய். மாமி ஜமேக்காவின் கிங்ஸ்டனில் இருந்து 1961ல் வந்தவ. அந்தக் காலத்தில் லண்டன் கடைகளில் தன் தலைக்கு ஏற்ற ஒரு சீப்புக்கூட இல்லை என்று அன்றைக்குச் சொன்னா. பிறகு 1965ல் டைக், டிரைடன் என்று இரண்டு பேர் டொட்டன்ஹாமில் இசைத்தட்டு விற்கத் தொடங்கி, மெல்ல மெல்லக் கறுப்பினப் பெண்களின் தலைக்கான சாமான்களுக்கு மாறினார்களாம். அவர்களின் கடை இருந்த வெஸ்ட் கிறீன் ரோட்டுக்கு பஸ் எடுத்துப் போய், ஒரு போத்தலை வாங்கிப் பவுடர் மாதிரிச் சிக்கனமாகப் பாவித்த கதையைச் சொன்னா. உன் குளியலறையில் ஒன்பது போத்தல் இருக்கிறது என்று நீ சொன்னபோது எனக்கு மாமியின் அந்த ஒரு போத்தல்தான் நினைவுக்கு வந்தது.

அவவிடம் கருப்பாக ஒரு எண்ணெயும் இருந்தது. திறந்து மணந்து பார்த்தேன், ஆமணக்கெண்ணெய்! எங்களுக்கு வயிறு கழுவத் தந்தது. ஜமேக்காவில் விதையை வறுத்து எடுப்பார்கள், அதனால்தான் அந்த நிறம். உன் அப்பாவின் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம். அது மயிருக்குள் போகாது, மேலே படலமாக நிற்கும். காய்ந்த நுனிக்கு இரண்டு துளி போதும்.

இனித் தண்ணீரைப் பற்றி. நான் இதைத்தான் முதலில் யோசித்திருக்கவேண்டும். நான் வளர்ந்தது சுண்ணாம்புக்கல் நிலத்தில். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவே பஞ்சிப்படும். லண்டன் தண்ணீரும் அப்படித்தான், கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு உன் மயிரிலும் படியும். அதனால் இங்கே உன் தலை எப்போதும் சொரசொரப்பாக இருந்தது, நாங்கள் கைநிறையக் கொண்டிஷனர் போட்டோம், அந்த அளவு உன் கைக்குப் பழகிவிட்டது. நீ இப்போது இருக்கிற கிளாஸ்கோவுக்கு வருகிற தண்ணீர் கத்ரின் ஏரியில் இருந்து, 1859ல் இருந்தே. மிகவும் மென்மையான தண்ணீர். அங்கே ஷாம்பூ கொஞ்சம் போட்டாலே நுரை பொங்கும், அலசினாலும் வழுவழுப்பு விடாத மாதிரி இருக்கும். நீ லண்டன் அளவை அங்கே போடுகிறாய். பாதிகூட வேண்டாம் உனக்கு.

இதில் ஒரு பங்கு பொருள் படிந்து கிடக்கிறதாலும் இருக்கலாம். ஷாம்பூ இல்லாமல் நாலு மாதம் என்றால் பழைய கிறீம், சிலிக்கோன், எண்ணெய் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். அதைச் சோதிக்க வழி இருக்கிறது. சீப்பில் வந்த மயிர் ஒன்றை எடுத்து நனைத்து, இரண்டு நுனியிலும் பிடித்து மெல்ல இழு. கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பிச் சுருண்டால் மயிர் நல்லாக இருக்கிறது, மேலே படிந்ததுதான் பிரச்சினை, ஒரு நல்ல ஷாம்பூவோடு போய்விடும். சூயிங்கம் மாதிரி இழுபட்டு அறுந்தால் அது ஈரத்தில் நைந்தது. இழுக்கவே விடாமல் படக்கென்று முறிந்தால் அது வறண்டு காய்ந்துபோன மயிர், அப்போது நான் இவ்வளவு நேரம் எழுதினதெல்லாம் பிழை. அப்படியென்றால் உடனே எனக்குச் சொல்.

வேர்ப்பக்கத்து மயிர் ஒன்றையும் அப்படியே சோதித்துப் பார். போன கோடையில் நுனியைச் செம்பு நிறமாக்கினாயே. ப்ளீச் மயிரின் மேலிருக்கிற இயற்கைக் கொழுப்பை உரித்துவிடும், பிறகு அந்தப் பகுதி பஞ்சு மாதிரித் தண்ணீர் இழுக்கும். வேர்ப்பக்கம் நல்லாக, நிறம் போட்ட பக்கம் மட்டும் நைந்திருந்தால், அதை எந்தப் போத்தலும் திருப்பித் தராது. உன் மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்கும் கொஞ்சம் குறைவாக வளரும், இழுத்துப் பிடித்தால் 25 சென்ரிமீற்றர் வரும் இடத்தில் அந்த நுனிக்கு இரண்டு வயதுக்கு மேல். அதை வெட்டிவிடு. ஆனால் கோபத்தில் முழுத்தலையையும் வெட்டாதே, நேராக்கும் மருந்துக்கும் போகாதே. உன் அப்பம்மாவின் காதுக்குப் பின்னால் இருக்கிற தழும்பை நீ பார்த்திருக்கிறாய். அது 1970களில் அந்த மருந்து சுட்டது.

இந்தச் சனிக்கிழமை இப்படிச் செய். முழுக இரண்டு மணித்தியாலம் முன், காய்ந்த தலைக்குத் தேங்காயெண்ணெய் பூசு. 2003ல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கழுவும்போது புரதம் போகிறதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அது மயிருக்குள் போகும், போய்த் தண்ணீருக்கு இடம் கொடுக்காது. அம்மம்மாவின் நல்லெண்ணெயை அவர்கள் சோதிக்கவில்லை, ஆகவே இப்போதைக்குத் தேங்காயெண்ணெய். பிறகு ஷாம்பூ, தலைத்தோலில் மட்டும் தேய், நுரை வழிந்து போகிறது மயிருக்குப் போதும். கொண்டிஷனர் ஐந்து நிமிஷம், அதோடு சிக்கெடுத்து, நல்லாக அலசு. புரதம் சேர்த்த கொண்டிஷனர் ஒன்றை மாதத்துக்கு ஒரு தரம் போடலாம், கூடினால் மயிர் விறைத்துப்போகும். முட்டை பூசாதே, முட்டைப் புரதம் பெரிய மூலக்கூறு, உள்ளே போகாது. துவாயால் தேய்க்காதே, பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடு. நாலு பாகமாக இழை முறுக்கி, முழுதாகக் காய விடு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தண்ணீர் காட்டாதே. முதல் இரண்டு கிழமை உனக்குத் தலை காய்ந்து கிடக்கிற மாதிரி இருக்கும், கை தானாகத் தெளிப்பானைத் தேடும். பொறுத்துக்கொள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. உச்சியில் மயிர் ஐதாகிறது, அந்த இடம் எரிகிறது, நோகிறது என்றால் அது கொண்டிஷனர் கதை இல்லை. வேரே வடுவாகி மூடுகிற ஒரு நோய் உண்டு, கறுப்பினப் பெண்களிடம் உச்சியில்தான் அது கூடுதலாகத் தொடங்கும், போன மயிர் திரும்பாது. அப்படி எதுவும் கண்டால் அன்றைக்கே டொக்டரிடம் நேரம் எடு, பிறகு எனக்குப் போன் அடி.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி உன் தலையைக் குருவிக்கூடு என்று சொன்ன அன்றைக்கு நீ வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தலையை நனைத்து நனைத்து அழுத்தினாய். ஈரமாக இருந்தால் படியும், படிந்தால் ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்று. அப்போது உனக்கு எட்டு வயது. நான் வெளியில் நின்றேன், என்ன சொல்வது என்று தெரியவில்லை. இந்த நாலு மாதமும் அந்தப் புது அலுவலகத்தில் அப்படி ஏதாவது நடந்ததா? நேற்றே கேட்கவேண்டும் என்று நினைத்தேன். காய்ந்து, விரிந்து, தோள் வரைக்கும் போகாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற உன் தலைதான் எனக்கு வடிவு. உன் அப்பாவைக் கட்டின அன்றைக்கு அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

நாளைக்குத் தபாலில் ஒரு பெட்டி போடுகிறேன். அகலப் பல்லுச் சீப்பு ஒன்று, மாமியின் கருப்பு எண்ணெய் ஒரு சின்னப் போத்தல், என் பழைய சாட்டின் சீலை முந்தானையில் தைத்த இரவுத் தொப்பி இரண்டு. ஒன்று ஊதா, மற்றது பச்சை. காய்ந்த தலைக்கு மட்டும் போடு. நான் எழுதினதுக்கு நீ சரி சொல்லவேண்டாம், சனிக்கிழமை அந்த ஒரு மயிரை இழுத்துப் பார்த்துவிட்டு அது என்ன செய்தது என்று எடுத்துச் சொன்னால் போதும். பத்து மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா