ஐந்து தடவை முறுக்கியும் நிற்காத டர்போ நட்டு: மூன்றாவது புகார் கடிதம்

அனுப்புநர்: ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கும் உங்கள் வாடிக்கையாளர், களக்காடு, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள், தலைமை அலுவலகம்.

பொருள்: டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்துகிற சாமான்) நட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கி வெளியேற்றுகிற இரும்புக் குழாய்) போல்ட்டும் திரும்பத் திரும்ப லூசாவது, உங்கள் ஒர்க்‌ஷாப்பில் நடத்திய விதம், நஷ்ட ஈடு.

ஐயா,

வணக்கம். வண்டி எண், சேசிஸ் எண், ஐந்து ஜாப் கார்டுகளின் நகல் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு கடிதங்களுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, அதோடு சரி. இந்தத் தடவையாவது ஒரு மனிதர் உட்கார்ந்து முழுதாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2023 டிசம்பரில் வண்டி எடுத்தேன். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை, அதை மறைக்க மாட்டேன். 2025 ஜூனில் காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சூடேறினதும் அடங்கிவிடும். மேனிஃபோல்ட் ஓரத்தில் மை தீட்டியது மாதிரி கரி. கேபினுக்குள் புகை வாடை. ஏற்றத்தில் இழுவை இல்லை. மேனிஃபோல்ட் சந்து வழியாகப் புகை கசிகிறது என்று வண்டியைச் செய்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் சொன்ன முதல் வார்த்தை, "சத்தமே இல்லையே அண்ணாச்சி."

எப்படி இருக்கும்? களக்காட்டிலிருந்து திருநெல்வேலிக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கே போய்ச் சேரும்போது எஞ்சின் கொதித்துக் கிடக்கும். இரும்பு விரிந்து சந்து அடைபட்டுவிடும். ராத்திரி வண்டியை விட்டுவிட்டுப் போகிறேன், காலையில் ஆறின எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து கேளுங்கள் என்று கெஞ்சினேன். இடம் இல்லை என்றார்கள். நட்டுக்கு டைட் வைத்து, பில் போட்டு, அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜூலையில் இரண்டு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை, அப்புறம் செப்டம்பரில் ஒரு தடவை, இதே கதை. ஒவ்வொரு தடவையும் முறுக்கினார்கள். ஏன் கழலுகிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

அங்கே வண்டியைப் பார்த்து வேலையை எழுதிக்கொள்கிற சர்வீஸ் அட்வைசர் விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில், புது ஸ்டட் (நட்டு பூட்டுகிற, தலையில்லாத மரைக்கம்பி) செட் வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று உங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. ஒரு நடை வாடகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெறும் வண்டியாக ஓட்டிக்கொண்டு போனேன். காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டரை மணி வரை அந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்டோரிலிருந்து ஒரு பையன் வந்து, சரக்கு இன்னும் மதுரையிலேயே இருக்கிறது என்றான். அப்படியானால் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, அந்த அட்வைசர் என் அக்கா மகன் முன்னாலேயே, நாலு பேர் பார்க்க, "வாழைக்காய் ஏத்துத வண்டிக்கு என்னவே இவ்வளவு சட்டம் பேசுதீரு?" என்றார்.

ஐயா, எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வாழைக்காய் ஏற்றித்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். வண்டி விற்கிற அன்றைக்கு இதே ஆள் ரோஸ் பால் வாங்கிக் கொடுத்து "அண்ணாச்சி, நம்ம வீட்டு வண்டி" என்றார். அந்த வார்த்தையை இன்னமும் என்னால் விழுங்க முடியவில்லை.

செப்டம்பர் 2ஆம் தேதி ராத்திரி நடந்ததை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 5ஆம் தேதி திருவோணம். வருடத்தில் ஏத்தங்காய்க்கு (நேந்திரன் வாழைக்காய்) விலை கிடைக்கிற நாட்கள் அவைதான். 4 டன் ஏத்தன் தார் ஏற்றி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகப் புறப்பட்டேன். வள்ளியூர் தாண்டியதுமே இழுவை குறைந்தது. காவல்கிணறு கடந்து முப்பந்தல் காற்றாடிகளுக்குக் கீழே எதிர்காற்று. இரண்டாவது கியருக்கு மேல் ஏறவில்லை. கரும்புகையும் ஒரு ஊளைச் சத்தமும் வந்து, அப்படியே ஓரங்கட்டிவிட்டேன். உங்கள் சாலை உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். காலையில் ஆள் வருவார் என்றார்கள். மறுநாள் மத்தியானம் வரை யாரும் வரவில்லை.

வந்தவர் காவல்கிணற்று மெக்கானிக் ஒருவர். டார்ச் அடித்துப் பார்த்தார். மேனிஃபோல்டோடு டர்போவைப் பிடிக்கிற நாலு ஸ்டட்டில் ஒன்று முறிந்திருந்தது, ஒன்றில் நட்டே இல்லை. மிச்சம் இரண்டில் ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நட்டுக்குள் இருந்த நீல நைலான் வளையம் உருகி, கருகி, வெல்லப்பாகு காய்ந்தது மாதிரி மரையில் ஒட்டியிருந்தது. ஆகஸ்டில் "இனி கழலவே கழலாது" என்று உங்கள் ஆட்கள் போட்ட நட்டு அது. அந்த மாதிரி நட்டு 120 டிகிரிக்கு மேல் தாங்காது. லோடு ஏற்றி ஏறும்போது டர்போ பக்கம் 500 டிகிரியைத் தாண்டும். மரை கழலாமல் இருக்க ஜூலையில் தடவிய திரெட் லாக் பசையும் அப்படித்தான், சாதாரண பசை 150 டிகிரியோடு சரி. இது ரோட்டோர மெக்கானிக்குக்குத் தெரிகிறது. உங்கள் பெயர்ப்பலகை மாட்டிய ஒர்க்‌ஷாப்புக்குத் தெரியாதா? அந்த நட்டைச் சின்ன டப்பாவில் போட்டு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் அவர் காட்டினார். டர்போவுக்குக் கீழே, எக்ஸாஸ்ட் பைப்பின் கனத்தைத் தாங்க எஞ்சின் பிளாக்கோடு பிடிக்கிற தாங்கு பட்டை என் வண்டியில் இல்லை. இரண்டு போல்ட் துளைகள் சும்மா இருந்தன. ஜூலையில் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை. பைப் மொத்தமும் ஆடி ஆடி அந்த நாலு ஸ்டட்டிலேயே தொங்கியிருக்கிறது. "அண்ணாச்சி, இதை இப்படி விட்டா எவன் முறுக்கினாலும் நிக்காது" என்றார். மேனிஃபோல்ட், அதைப் பூட்டியிருக்கிற எஞ்சின் ஹெட்டைவிட அதிகமாகச் சூடேறி நீளவாக்கில் விரிந்து சுருங்குவதால் இரண்டு ஓரத்து போல்ட்டுதான் முதலில் தளரும் என்றும் சொன்னார். தொட்டுப் பார்த்தேன், இரண்டு ஓரமும் கையாலேயே சுழன்றன.

ஒன்றரை நாள் தாமதமாகச் சரக்கு போய்ச் சேர்ந்தது. தார் பாதி வெம்பிக் கருத்துப்போனது. வியாபாரி பாதி விலைக்கு இறக்கினார். தோட்டக்காரருக்கு நான் கையிலிருந்து கொடுத்தேன். பத்து வருடமாக எனக்கு லோடு கொடுத்தவர் இப்போது வேறு வண்டிக்குப் போய்விட்டார். என் பிழைப்பே போய்விட்டது, குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. 4,80,000 ரூபாய் கேட்கிறேன். போன பெயருக்கு அதுகூடக் காணாது.

ஐந்து பில்லையும் "தேய்மானச் சாமான், வாரண்டியில் வராது" என்று என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். கருகிய நைலான் நட்டு தேய்மானமா? காணாமல் போன பட்டை தேய்மானமா?

தயவுசெய்து இவ்வளவும் செய்து கொடுங்கள். மேனிஃபோல்டைக் கழற்றி, முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்டட் அத்தனையும் புதிது, கேஸ்கட் புதிது, சூடு தாங்குகிற முழு உலோக லாக் நட்டு. அந்தப் பட்டையைப் பூட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு முறையாக டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டுகிற ஸ்பானர்) வைத்து முறுக்கி, ஒரு தடவை நன்றாகச் சூடேறி ஆறினபின் மறுபடியும் டார்க் பார்த்து, அந்த அளவை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த அட்வைசர் என் அக்கா மகன் முன்னால் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வியாபார வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது என்று உங்கள் போன் ஆள் பயமுறுத்தினார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவரும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதும் அதில்தான் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் ஏற்கனவே பதிவு செய்துவிட்டேன். பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லாவிட்டால் அந்த டப்பாவோடு திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் நிற்பேன்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை ஐயா. வண்டி நல்ல வண்டி, அதைச் சரியாக்கிக் கொடுத்தால் போதும். காலையில் ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்க ஆளை அனுப்புவதாக இருந்தால் களக்காட்டுக்கே அனுப்புங்கள், ஐந்து மணிக்கு வண்டி ஆறிக்கிடக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர், களக்காடு.

இணைப்பு: ஜாப் கார்டு, பில் நகல்கள் 5, நட்டு, ஸ்டட் புகைப்படங்கள்.