இரண்டாம் பருவம் நிறைவு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் முடியப்போகிறது. மழை விடுமுறைகளுக்கு நடுவிலும் பாடங்களை முடித்துவிட்டோம். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். குழந்தைகள் தின விளையாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களுக்கும் கலந்துகொண்ட எல்லாருக்கும் வாழ்த்துகள். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் சின்னப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியிருக்கிறது. பருவத் தேர்வு அட்டவணையை நோட்டில் ஒட்டி அனுப்பியிருக்கிறோம். பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அடுத்து, கம்பளிப்பூச்சி விஷயம். கடந்த இரண்டு வாரமாகப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் இதைப் பற்றித்தான் பேச்சு. நேரில் வந்து கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். விடுமுறையில் பிள்ளைகள் தெருவிலும் மொட்டைமாடியிலும்தான் இருக்கப்போகிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, வழிபாட்டுக்கு வரிசையில் நின்ற மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான். சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தால் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை சிவப்புத் தடிப்பு, பாசிமணி கோத்த மாதிரி ஒன்றையடுத்து ஒன்று. சட்டையை மாடிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை அந்தக் கொடிக்கு மேலேதான் நீண்டிருக்கிறது. சட்டைக்குள் புழு எதுவும் இல்லை. அது ஊர்ந்துபோன தடம் மட்டும்தான் இருந்தது. வகுப்பாசிரியை கைவேலைப் பெட்டியிலிருந்து செல்லோ டேப்பை எடுத்து, தடிப்பின் மேல் லேசாக ஒட்டி ஒட்டி உரித்தார். அந்த டேப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொன்னிறத்தில், கண்ணிமை முடியைவிட மெல்லியதாக, இருபது முப்பது சுணைகள், அதாவது அரிப்பைத் தரும் நுண்முடிகள். அதைப் பார்க்காமல் தடிப்பை மட்டும் பார்த்திருந்தால் நானும் வியர்க்குரு என்றுதான் நினைத்திருப்பேன்.

கம்பளிப்பூச்சி நம்மைத் தேடி வந்து தாக்குவதில்லை, கடிப்பதும் இல்லை. அதன் வாய் இலையையும் பட்டையையும் அரிப்பதற்குத்தான். நமக்கு வினை அதன் சுணையில் இருக்கிறது. சில இனங்களில் ஒவ்வொரு சுணையும் உள்ளே குழல் ஓடும் ஊசி மாதிரி, அடியில் விஷச் சுரப்பி இருக்கும். தோலில் பட்டதும் முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். தேய்த்தால் இன்னும் ஆழமாக இறங்கும், பக்கத்து இடத்துக்கும் பரவும். புழு செத்த பிறகும், தோலை உரித்துப் போட்ட பிறகும் சுணைக்கு வேகம் குறைவதில்லை. அதனால் காய்ந்து கிடக்கும் புழுவையும் கூட்டையும்கூடப் பிள்ளைகள் கையில் எடுக்கக்கூடாது.

நம் பகுதியில் அதிகம் பார்ப்பது முருங்கைக் கம்பளிப்பூச்சி. மழை பெய்து ஓய்ந்ததும் வந்துவிடும். பழுப்பு நிறம், உடம்பெல்லாம் நீண்ட முடி. பகலில் நூறு இருநூறு சேர்ந்து அடிமரத்தில் அப்பிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் யாரோ பழைய கம்பளித் துண்டை ஒட்டிவைத்த மாதிரி தெரியும். இருட்டிய பிறகு கலைந்து இலைக்கு ஏறும். இதையாவது எல்லாருக்கும் தெரியும். நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. தென்னை, மா, நாட்டு வாதாம் மரங்களின் இலைக்கு அடியில் இருக்கும். குட்டையாக, தட்டையாக, பச்சை நிறத்தில், முதுகில் நீலக் கோடு ஓடும். கால் இருப்பதே தெரியாது, நத்தை மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஓரங்களில் கொத்துக் கொத்தாக முள் இருக்கும். பார்க்க அத்தனை அழகு. அதனால்தான் குழந்தை கையை நீட்டிவிடுகிறது. பட்டால் கரண்ட் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். தண்டவாளத்து ஓரத்திலும் காலி மனையிலும் தானாக முளைத்து நிற்கும் ஆமணக்கில் வேறொரு வகை உண்டு. தலை சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை முடி. கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து தண்டவாளம் ஓரமாக நடந்து வரும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டிக்கொடுங்கள். தண்டவாளம் ஓரமாக நடக்கவே கூடாது என்பது வேறு விஷயம், அதைப் போன பருவக் கடிதத்திலேயே எழுதியிருந்தேன்.

எல்லாப் புழுவும் இப்படி இல்லை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் முடியில்லாத பச்சைப் புழு ஒன்றும் செய்யாது. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும், அவ்வளவுதான். பிறகு பட்டாம்பூச்சியாகிப் பறந்துவிடும். எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளோடு இருப்பதும் பட்டாம்பூச்சிப் புழுதான். நான்காம் வகுப்பில் இதைப் படம் வரைந்து பாடமாகவே நடத்திவிட்டோம். ஆனால் சின்ன வகுப்புகளுக்கு நாங்கள் சொல்லிவைத்திருப்பது ஒன்றே ஒன்று: எந்தப் புழுவாக இருந்தாலும் கண்ணால் பார், கையால் தொடாதே, டீச்சரைக் கூப்பிடு. வீட்டிலும் இதையே சொல்லுங்கள். பென்சில் டப்பாவில் புழுவைப் பிடித்துவந்து அடுத்தவர் முதுகில் விடும் விளையாட்டை ஐந்தாம் வகுப்பில் நிறுத்தியாகிவிட்டது.

குழுவில் ஒரு செய்தி சுற்றியது, ‘இந்தப் புழு பட்டால் ஐந்து நிமிடத்தில் மரணம்’ என்று. பருத்திச் செடிப் புழு ஒன்றைப் பற்றி 2022இல் வடக்கே இதே மாதிரி பரவியது. அது உண்மையில்லை என்று வேளாண் விஞ்ஞானிகள் அப்போதே சொல்லிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான கம்பளிப்பூச்சி உலகத்தில் இல்லாமல் இல்லை. தென் அமெரிக்காவில் லோனோமியா என்றொரு இனம் பட்டால் ரத்தம் உறையாமல் போகும். பிரேசிலில் அதற்கு முறிமருந்தே தயாரிக்கிறார்கள். அது நம் ஊரில் கிடையாது. இங்கே பெரும்பாலும் வலி, எரிச்சல், அரிப்பு, தடிப்பு. சில மணி நேரத்திலோ சில நாளிலோ அடங்கிவிடும். கண்ணும் மூச்சும் மட்டும் அப்படியல்ல, அதைக் கீழே சொல்கிறேன். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு அம்மாக்கள் பதறியடித்துக்கொண்டு வேலையிலிருந்து ஓடிவந்தார்கள். தயவுசெய்து தெரியாததை அனுப்பாதீர்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் நான் இன்னும் மறக்க முடியாமல் இருக்கிறேன். பள்ளி விடும் நேரம். பெற்றோர் சிலர், நல்லெண்ணத்தோடுதான், குச்சியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக்கொண்டு பின்பக்கச் சுவரோரம் உள்ள முருங்கை மரத்துக்கு வந்துவிட்டார்கள். தீப்பந்தம் காட்டிக் கம்பளிப்பூச்சியைக் கொல்வது வழக்கத்தில் உள்ளதுதான், எனக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் இல்லாத நேரத்தில், ஒதுக்குப்புறத்தில் செய்வார்கள். இங்கே கழிப்பறைக்குப் போய்வரும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். சூடு பட்டதும் புழுக்கள் பிடியை விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தன. சுணையும் புகையும் காற்றில் கலந்தன. அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு பிள்ளைகளுக்குத் தடிப்பு. இருமலும் இளைப்பும் உள்ள ஒரு பையனுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

இன்னொரு சிறுமிக்குக் கண்ணில் பட்டிருக்கிறது. அவள் வீட்டில் சொல்லவில்லை. போகாதே என்று ஆசிரியை சொல்லியும் வேடிக்கை பார்க்கப் போனதால், சொன்னால் அடி விழும் என்று பயம். இரண்டு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கண் சிவந்து திறக்க முடியாமல் போனபிறகுதான் தெரிந்தது. மருத்துவர் பெரிதுபடுத்தும் கருவியில் பார்த்துச் சுணையை எடுத்திருக்கிறார். இப்போது நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கும் வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் இவ்வளவு வேதனைப்பட்டிருக்க வேண்டாம். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. அதில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளும்படி உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கம்பளிப்பூச்சி பட்டது, கண்ணில் ஏதோ விழுந்தது என்று வந்து சொல்லும் பிள்ளையை, எங்கே போனாய் என்று அந்த நேரத்தில் திட்டாதீர்கள்.

இனி ஒன்றை நேராகவே சொல்கிறேன். தீயோ மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ எடுத்துக்கொண்டு யாரும் பள்ளி வளாகத்துக்குள் வரக்கூடாது. எந்தக் காரணமும் ஏற்கப்படாது. காவலாளியிடம் சத்தம் போட்டு உள்ளே வருவதும் இனி நடக்கக்கூடாது. மீறினால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து மேல் நடவடிக்கை எடுக்க வேண்டிவரும். இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு நான் பொறுப்பு. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லவேண்டும். அந்த முருங்கையை மழைக்கு முன்பே கவாத்து செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. அது என் கவனக்குறைவு. மறுநாள் சனிக்கிழமை விடியற்காலையில், பள்ளியில் யாரும் இல்லாதபோது, முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி போட்ட ஆளை வைத்து, நீளக் கம்பு கட்டிய துடைப்பத்தால் புழுக்களைச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் வழித்துத் தள்ளிவிட்டோம். கிளைகளையும் ஒடித்தாயிற்று. மரத்தையே வெட்டிவிடுங்கள் என்று சிலர் கேட்டீர்கள். வெட்டப்போவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வாரம் ஒருமுறை அந்த மரத்துக் கீரைதான் போகிறது. மருந்து அடிக்காததற்கும் அதுதான் காரணம். அப்புறம், குயில் இனப் பறவைகள் இந்தக் கம்பளிப்பூச்சியை விரும்பித் தின்னும். பின்பக்கச் சுவரில் இப்போதெல்லாம் காலையில் குயில் வந்து உட்காருவதைப் பிள்ளைகளே எனக்குக் காட்டினார்கள்.

வீட்டில் பட்டுவிட்டால் என்ன செய்வது? புழு உடம்பில் இருந்தால் கையால் தட்டாதீர்கள், நசுக்காதீர்கள். குச்சியாலோ அட்டையாலோ எடுத்துப் போடுங்கள். சட்டையைத் தலைவழியாக இழுத்துக் கழற்றாமல் பொத்தானை அவிழ்த்துக் கழற்றுங்கள், முகத்தில் சுணை படாமல் இருக்கும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. பிறகு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். துண்டால் அழுத்தித் துடைக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் எரிச்சல் குறையும். அரிப்பு அடங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு மாத்திரையோ களிம்போ கொடுங்கள், பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்ததைக் கொடுக்காதீர்கள். வெற்றிலைச் சாறும் நல்லெண்ணெயும் போடும் பாட்டிமார்களை நான் குறைசொல்ல வரவில்லை. அவர்கள் கையில் வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும். ஆனால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் சுணை உள்ளேதான் போகும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சாணம் மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளின் தோல் வெந்துவிடும், புண்ணாகிவிடும்.

கண்ணில் பட்டால் கசக்கவிடாமல் சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுக் கழுவிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது, நமக்கு ஒரு பஸ் தூரம்தான். உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அப்போது டேப்பும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

முருங்கை வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் கொடிக்கு மேல் வரும் கிளையை ஒடித்துவிடுங்கள். யூனிஃபார்மை இந்த மழை மாதங்களில் உதறிப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுங்கள், வாசலில் கிடக்கும் ஷூவையும்தான். மூச்சுத் தொந்தரவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர்கள் மறுநாளே என்னைப் பார்த்து வருத்தம் தெரிவித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை துடிப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர்களில் ஒருவர்தான் சனிக்கிழமை துடைப்பத்துக்கு நீளக் கம்பு கட்டிக்கொடுத்தார். தடிப்பு வந்த பிள்ளைகளைத் தன் ஆட்டோவில் காசு வாங்காமல் இரண்டு தடவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன அப்பாவுக்கும், முதலுதவிப் பெட்டிக்குப் பத்து டேப் உருளை வாங்கிக்கொடுத்த பெற்றோருக்கும், வகுப்பு முடிந்த பிறகும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு விசாரித்த என் ஆசிரியைகளுக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறை முடிந்து எல்லாரையும் நலமாகப் பார்க்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்